பச்சையில் எழுதிய ஒரு சொல்

ரோம்
4 மே 1946, சனிக்கிழமை

எடேரா,

வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்பது முடிவாகிவிட்டது. உள்துறை அமைச்சகத்தின் செய்தியாளர் அறையில் நேற்று மதியம் அச்சுப் பிரதியை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் குடியரசு, வலப்பக்கம் முடியாட்சி. முடியாட்சிக்கு ராஜ குடும்பத்தின் கேடயமும் அதன் மேல் கிரீடமும். இது எதிர்பார்த்ததுதான். குடியரசுக்கு ஒரு பெண்ணின் தலை. அந்தத் தலையிலும் ஒரு கிரீடம் இருக்கிறது.

அது ராணியின் கிரீடம் அல்ல. கோட்டைச் சுவர் போல, சிறு கோபுரங்கள் வைத்தது. நாட்டையே ஒரு பெண்ணாக வரையும் பழைய வழக்கம். படித்தவர்களுக்கு அது தெரியும். நம் மலைமேல் கசெல்லேயில் குத்தகைக்கு உழுகிறவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

ஊரில் முப்பத்தெட்டுச் சுவர்களில் உன் வீட்டுக்காரரின் கட்சியினர் சிவப்பில் ‘கிரீடம் ஒழிக’ என்று எழுதியிருப்பதாகப் போன கடிதத்தில் சொன்னாய். படிக்கத் தெரியாதவர்களிடம், கிரீடம் இருக்கும் பக்கம் குறி போடாதீர்கள் என்று வாயால் சொல்லி வருவதாகவும் சொன்னாய். இப்போது இரண்டு பக்கமும் கிரீடம் இருக்கிறது. பெண்ணின் தலைதான் பெரிதாகத் தெரிகிறது. நீ அங்கே குடியரசுக்காகக் கட்சிகள் சேர்ந்து அமைத்த கமிட்டியின் செயலாளர் என்பதால் உனக்கு எழுதுகிறேன். வாக்கெடுப்புக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.

யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே. செய்தியோடு என் பெயர் சேர்ந்தால் உன் வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

ஒத்தாவியோ


மொந்தெருபா
10 மே

அன்புள்ள அண்ணா,

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

செவ்வாய் மாலை, நான் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு வந்த பிறகு, வழக்கம்போல எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கமிட்டி கூடியது. சிவப்புக்காரர்களுக்கு என் வீட்டுக்காரர் நெல்லோ. மஞ்சள்காரர்களுக்கு, அதாவது அப்பா காலத்துப் பழைய குடியரசுக் கட்சிக்கு, முடிதிருத்தும் பொம்பேயோ அண்ணன். கோயில் கட்சிக்கு மாவு மில் செல்சோ. நாலாவது பக்கத்தில் நான். பியாதீனா ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

நெல்லோ கையைத் துடைத்துக்கொண்டே, “இது ரோமாபுரி மச்சானோட கதை. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது” என்றார்.

“என் மூஞ்சியில என்ன, முகவரியா எழுதியிருக்கு?”

“இளவரசக் குழந்தையோட தொட்டில்ல எத்தனை வரிசை லேஸுன்னு எண்ணி எழுதுன ஆளு. அவருக்குக் கண்ணுல படுறதெல்லாம் கிரீடமாத்தான் தெரியும்.”

பொம்பேயோ அண்ணன் இதற்காகவே பிறந்தவர் போலப் பேசினார். “எழுதுனது தப்புன்னா அழிச்சிட்டுப் போலாம். சுண்ணாம்பு நான் வாங்கித் தர்றேன். எங்க பசங்களே வந்து பூசிடுவாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“யோவ், முப்பத்தாறு வருஷமா எங்க எழுத்து மேல சுண்ணாம்பு பூசத்தானே அலையிறீங்க.”

முப்பத்தாறு வருடம் என்றால் உங்களுக்குப் புரியும். அப்பா ஓட்டிய மஞ்சள் கதிரடிக்கும் இயந்திரம் யார் களத்துக்குள் போகலாம், நெல்லோவின் அப்பா வேலை செய்த சிவப்பு இயந்திரம் யார் களத்துக்குள் போகலாம் என்று ஊரே இரண்டாகி அடித்துக்கொண்ட வருடம். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரு மதுக்கடை, இவர்களுக்கு ஒன்று. தனித்தனி நடனக் கொட்டகை, தனித்தனி பாண்டு வாத்தியம்.

செல்சோ வாசலில் தொப்பியை எடுக்கும்போது என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். “படத்த விடும்மா. அந்த எழுத்தே மலைமேல எடுபடல. நம்ம பேச்சுல கிரீடத்துக்கும் ஜெபமாலைக்கும் ஒரே சொல்லு. சுவத்துல இருக்கறத யாராவது படிச்சுச் சொன்னா, ஜெபமாலை ஒழிகன்னுதான் அந்தப் பொம்பளைங்க காதுல விழுது. பங்குச் சாமியார் அதத் திருத்தவும் இல்ல.”

“ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“சொன்னா, கோயில் கட்சிக்காரன் புத்தியக் காட்டிட்டான்னு ரெண்டு பேரும் சேந்துக்குவாங்க. அவங்க சேர்றது எனக்கு எதிரா மட்டுந்தான்.”

இந்த ஊரில் இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் நான்தான். மஞ்சள் வீட்டில் பிறந்து சிவப்பு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்பது ஒன்றுதான் என் தகுதி. கமிட்டி உடைந்தால் ஊரில் கூட்டம் இரண்டாக நடக்கும். அன்றைக்கு நான் எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் ஒன்று அப்பாவை விட்டுவிட்டவள் ஆவேன், அல்லது நெல்லோவை. ஜூன் இரண்டு வரை இந்த மேசை நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நெல்லோ காகிதத்தில் ஆதாரம் கேட்கிறார். அனுப்புங்கள்.

பழைய ராஜா முடியை மகனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய செய்தி இன்று காலை வந்தது. சிவப்புப் பாண்டும் மஞ்சள் பாண்டும் ஒரே நேரத்தில் சதுக்கத்துக்கு வந்து ஆளுக்கொரு பாட்டை வாசித்தார்கள். இரண்டும் சேர்ந்து கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை.

எடேரா


ரோம்
15 மே

எடேரா,

இன்று காலைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வாக்குச்சீட்டின் படம் வெளியாகியிருக்கிறது. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். இது நான் எழுதும் பத்திரிகை அல்ல. உன் வீட்டுக்காரர் படிக்கும் பத்திரிகை. வேண்டுமென்றேதான் அதிலிருந்து வெட்டினேன்.

தொட்டிலில் பதினான்கு வரிசை லேஸ் இருந்தது. எண்ணித்தான் எழுதினேன். அந்த வருடங்களில் எண்ணிக்கையை மட்டும்தான் தணிக்கைக்காரர்கள் விட்டுவைத்தார்கள். இதை அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் சாக்குப்போக்கு போல இருக்கும். பாதி சாக்குப்போக்குதான்.

ஜெபமாலை விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. இருபத்து மூன்று வருடம் ரோமில் இருந்ததில் நம் ஊர்க் காது போய்விட்டது. செல்சோ சொன்னது என் செய்தியைவிட முக்கியமானது.

சுவரை அழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அழித்தால் ஒருவர் தோற்றதாகிவிடும். ‘கிரீடம் ஒழிக’ என்பதற்கு மேலே ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்: ‘ராஜாவின்’. ராஜாவிடம் இருப்பது ஜெபமாலை அல்ல என்பது மலைமேலும் தெரியும். படத்தில் இருக்கும் பெண்ணிடம் இருப்பது ராஜாவின் கிரீடம் அல்ல என்பதையும் அதே சொல் சொல்லிவிடும். இது என் யோசனை என்று சொல்லாதே. செல்சோவுடையது என்றும் சொல்லாதே. உன்னுடையது என்று சொல்.

ஒத்தாவியோ


மொந்தெருபா
24 மே

அன்புள்ள அண்ணா,

சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நெல்லோ உங்கள் துண்டுத்தாளை விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார், தன் பத்திரிகைதான் என்று தெரிந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு பொம்பேயோ அண்ணன் கேட்டார்: “எந்தக் கலர்ல எழுதுறது?”

அண்ணா, அந்தக் கேள்விக்கு இரண்டு மாலை போயிற்று.

சிவப்பில் எழுதினால் முழு வாக்கியமும் நெல்லோவின் கட்சிக்குப் போய்விடுமாம். மஞ்சளில் எழுதினால் சிவப்பு எழுத்துக்கு மஞ்சள்காரர்கள் திருத்தம் போட்டது மாதிரி இருக்குமாம். வெள்ளை என்றால் கோயில் கட்சி. அதோடு, சுவரே வெள்ளை. நீலம் ராஜாவின் நிறம். நான் யோசிக்காமல், “கரி வெச்சு எழுதிட்டா என்ன?” என்று கேட்டுவிட்டேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நெல்லோவின் முதுகில் பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பொம்பேயோ அண்ணன் வாயில் அவர்கள் பலவந்தமாக விளக்கெண்ணெய் ஊற்றியது இந்தச் சதுக்கத்தில்தான். கறுப்பு எங்களிடம் ஒரு நிறமாக இல்லை என்பது எனக்கு எப்படி மறந்தது?

கடைசியில் செல்சோ, “மில்லுக் கதவுக்கு வாங்கின பச்சை ரெண்டு டப்பா மிச்சம் கிடக்கு” என்றார்.

“பச்சை யாரு கட்சி?” நெல்லோ கேட்டார்.

“கதவு கட்சி.”

அப்படித்தான் பச்சை வந்தது. முதல் சுவர் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம். எழுதி முடித்துத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சுவர், கீழே சிவப்பு, மேலே பச்சை. நம் கொடி. யாரும் நினைத்துச் செய்யவில்லை. பொம்பேயோ அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. மஞ்சள்தான் எங்கயும் இல்ல” என்றார். நெல்லோ ஏணியைத் தூக்கிக்கொண்டு, “பிரஷ்ஷு உங்களுது தானய்யா, அதோட கைப்பிடி மஞ்சள்” என்றார். பொம்பேயோ அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கசெல்லே அப்படியே இருக்கிறது. போன வாரம் மூன்று பேரும் தனித்தனியாக அங்கே போய் வந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவருக்கொருவர் சொல்லாமல். ஆகவே நேற்று நான் சைக்கிளில் போனேன். ஊற்றடியில் பெண்கள் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அர்ஜியா என்று ஒருத்தி, நான்கு பிள்ளைகள், புருஷன் போர்க்கைதியாகப் போய் இன்னும் திரும்பவில்லை. மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். படத்தை விரித்துக் காட்டினேன். இது ராணி இல்லை, மாதாவும் இல்லை என்று ஆரம்பித்தேன்.

“மாதா இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? மாதான்னா கையில குழந்தை இருக்கும். இவளுக்குக் கையே காணோம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வந்தாள்.

“டீச்சரம்மா மாதிரி பேசாதீங்கக்கா. படம் புரியுது. ஆளுங்கதான் புரியல. திங்கக்கிழமை முடிவெட்டறவரு வந்தாரு, எதுக்குக் கோயிலுன்னாரு. புதன்கிழமை மில்லுக்காரரு வந்து, கோயிலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரரு வந்து நிலமெல்லாம் எங்களுக்கேன்னாரு. ஒரே கமிட்டின்னு சொல்றீங்க. ராஜா நல்லவரோ கெட்டவரோ, ஒரு வாய்தான் வெச்சிருக்காரு.”

“என்ன செய்யணும்ங்கற?”

“மூணு பேரும் ஒண்ணா வரட்டும். ஒரே வண்டியில. நாங்க கேக்கறதுக்கு ஒருத்தர் முன்னால ஒருத்தர் பதில் சொல்லட்டும்.”

மஞ்சளும் சிவப்பும் ஒரே வண்டியில். இதை மேசையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கேட்கவில்லை. முப்பத்து நான்கில் நெல்லோவைப் பிடித்துத் தீவுக் காவலுக்கு அனுப்பியபோது, ரோமில் யாரையாவது பாருங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் இரண்டு வரி பதில் போட்டீர்கள். ‘விசாரித்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை.’ உண்மையிலேயே விசாரித்தீர்களா?

எடேரா


ரோம்
27 மே

எடேரா,

விசாரிக்கவில்லை. இதற்கு ஆதாரம் நான்தான்.

உன் கடிதம் வந்த அன்று அமைச்சகத்தின் படிக்கட்டு வரை போனேன். உள்ளே எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரி இருந்தார். கைதியின் பெயரைச் சொன்னால், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார். தங்கை கணவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிவந்து அந்த இரண்டு வரிகளை எழுதினேன். நாற்பது வருடத் தொழிலில் நான் தெரிந்தே எழுதிய பொய்ச் செய்தி அது ஒன்றுதான். அதைப் படித்தவள் நீ ஒருத்திதான்.

வண்டி விஷயத்தில் யோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீயே மேசையில் வைத்துவிடு. அர்ஜியா சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொல். உன் சொற்களைச் சேர்க்காதே.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

ஒத்தாவியோ


மொந்தெருபா
6 ஜூன்

அன்புள்ள அண்ணா,

எண்களை முதலில் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். கசெல்லே வாக்குச்சாவடி: போட்டவர்கள் 187. குடியரசு 104, ராஜா 71, செல்லாதவை 12. எண்ணும்போது சாவடி அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று நான் குறித்தது. ஊரின் மற்றச் சாவடிகளில் ராஜாவுக்கு எங்குமே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல்லாத பன்னிரண்டில் நான்கில் இரண்டு பக்கமும் குறி. யாரையும் வருத்தப்பட வைக்க விரும்பாதவர்கள்.

அர்ஜியா சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே மேசையில் வைத்தேன், மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். போன வியாழன், ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள் அன்று, பூசை முடியும் நேரத்துக்குக் கசெல்லேக்குப் போனோம். செல்சோவின் கோவேறு கழுதை வண்டி. முன்னால் யார் உட்காருவது என்று கேள்வி வருவதற்குள் நானே ஏறி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் மூன்று பேரும் மாவு மூட்டை மாதிரி. பாதி மலையில் கழுதை நின்றுவிட்டது. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

“இடது பக்கம் தள்ளுய்யா” என்றார் செல்சோ.

“நாங்க இடது பக்கந்தான் தள்ளிக்கிட்டிருக்கோம், நீதான் நடுவுல நின்னுக்கிட்டு நழுவுற” என்றார் நெல்லோ.

கோயில் வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். பங்குத்தந்தையும் கதவருகே நின்றார். அர்ஜியா நிலத்தைப் பற்றிக் கேட்டாள், கோயிலைப் பற்றிக் கேட்டாள், கைதிகள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னார்கள். நிலம் எல்லாம் உங்களுக்கே என்று வாக்குக் கொடுக்க முடியாது, அதற்காகச் சண்டை போடுவேன் என்று நெல்லோ சொன்னார். செல்சோ முன்னால் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கோயில் வாசலில் நின்றுகொண்டு கோயிலைத் திட்டக் கூடாது என்று பொம்பேயோ அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் கேட்டாள்: “ராஜா போயிட்டா நீங்க மூணு பேரும் அடிச்சுக்குவீங்களா?”



“அடிச்சுக்குவோம்” என்றார் நெல்லோ.

“கண்டிப்பா” என்றார் பொம்பேயோ அண்ணன்.

“ஓட்டுப் போட்டு அடிச்சுக்குவோம்” என்றார் செல்சோ. “உங்க ஓட்டுத்தான்.”

அர்ஜியா மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். “இது ஒண்ணாவது உண்மையச் சொன்னாங்க. வாங்க, உக்காருங்க, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க.”

பெண்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நான் முதல் தடவையாக வாக்குப் போட்டேன். எங்கள் ஊருக்கு வசந்தத்தில் நகராட்சித் தேர்தல் வைக்காமல் தள்ளிப்போட்டதில் எனக்கு வருத்தமில்லை. முதல் குறியே இதற்குப் போட முடிந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் திருமணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். நானும்தான்.

உங்கள் கடிதத்தை நெல்லோவிடம் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் வாங்கினார், நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். “இதுல ஒரு வார்த்தைகூட அதிகமில்ல” என்றார். அவ்வளவுதான். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தது. எழுதும்போது தேடிப் பார்த்தேன், முன்பு இருந்த அளவு இல்லை.

எடேரா


ரோம்
11 ஜூன்

எடேரா,

நேற்று மாலை ஆறு மணிக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு மண்டபத்தில் கூடி எண்களைப் படித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். குடியரசுக்கு ஒரு கோடியே இருபத்தாறு லட்சத்துக்கு மேல், முடியாட்சிக்கு ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேல். ஆனால் குடியரசு வென்றது என்ற வாக்கியத்தை அவர்கள் படிக்கவில்லை. புகார்களை ஆராய்ந்துவிட்டு இன்னொரு கூட்டத்தில் முடிவைச் சொல்வார்களாம். எப்போது என்று தேதி தரவில்லை. மண்டபத்தில் கைதட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே வென்றாகிவிட்டது என்று நான் உனக்கு இன்னும் எழுத முடியாது. மற்ற எல்லோரும் அப்படி எழுதிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெற்கே சில ஊர்களில் கலவரம். உங்கள் பக்கம் அமைதிதானே?

கசெல்லே எண்களை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டில் பத்திரிகைக்கு அனுப்பாத செய்தி அது ஒன்றுதான்.

ஒத்தாவியோ


மொந்தெருபா
13 ஜூன்

அன்புள்ள அண்ணா,

இங்கே அமைதி. அமைதிக்குக் காரணம் உங்கள் நீதிபதிகள்தான்.

முடிவு வந்த அன்றே கமிட்டி கலைந்துவிடும் என்று மார்ச் மாதத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது முடிவு வந்ததா வரவில்லையா? பொம்பேயோ அண்ணன் முடிவெட்டும் கடையில் இதைப் பற்றித் தினமும் வாதம். சட்டப்படி இன்னும் வரவில்லை என்று நெல்லோ சொல்கிறார். சட்டத்தை இவ்வளவு மதிக்கிற நெல்லோவை நான் பார்த்ததே இல்லை. ஆகவே தினமும் சாயங்காலம் மூன்று பேரும் வந்து உட்காருகிறார்கள். பேச விஷயமே இல்லை. சீட்டாடுகிறார்கள். மார்ச்சிலிருந்து முதல் தடவையாக நேற்று நான் ரொட்டி சுடவில்லை. செல்சோ கொண்டுவந்தார்.

அடுத்த சண்டைகள் வரிசையில் நிற்கின்றன. ஜூலையில் கதிரடிப்பு, கசெல்லேக்கு முதலில் எந்த இயந்திரம் போவது? இலையுதிர் காலத்தில் நகராட்சித் தேர்தல், மூன்று கட்சியும் தனித்தனிப் பட்டியல். நேற்று சீட்டுப் போடும்போதே பொம்பேயோ அண்ணன், “நவம்பர்ல உன்ன நான் தோக்கடிக்கிறேன் பாரு” என்றார். “மொதல்ல இந்த ஆட்டத்த ஜெயிங்கய்யா” என்றார் நெல்லோ.

நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று மூன்று பேருமே கேட்டுவிட்டார்கள், தனித்தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல். ஒருவருக்கும் சொல்லவில்லை. மே மாதத்தில் இந்தக் கேள்வியால் எனக்குத் தூக்கம் போனது. இப்போது போகவில்லை. மேசை என்னுடையது, அவர்கள்தான் வந்து உட்காருகிறார்கள். நேற்று அர்ஜியா தபால் வாங்க வந்தாள். புருஷனிடமிருந்து அட்டை வந்திருக்கிறது, உயிரோடு இருக்கிறான். நானே படித்துக் காட்டினேன். போகும்போது, “பொம்பளைங்களுக்கு ஒரு பட்டியல் போட்டா என்னக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை நெல்லோ சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். “அந்த நீதிபதிங்க முடிவு சொல்ற அன்னிக்கு உங்கண்ணன் இங்க வருவாரா?”

மச்சான் என்று கிண்டலாகச் சொல்லவில்லை. உங்கண்ணன் என்றார். வருவீர்களா?

எடேரா


ரோம்
15 ஜூன், சனிக்கிழமை

எடேரா,

ராஜா நேற்று முன்தினம் பிற்பகல் சம்பீனோ விமான நிலையத்திலிருந்து புறப்பட்டுப் போனார். ஓடுதள வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். விமானம் மேற்கே திரும்பி மறைந்தது. போர்ச்சுகல் என்கிறார்கள். நீதிமன்றத்தின் தேதியும் தெரிந்துவிட்டது. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வரும் செவ்வாய், 18, மாலை ஆறு மணி, அதே மண்டபம்.

நான் அன்று ஊருக்கு வர முடியாது. என் இடத்தில் இன்னொருவரை அனுப்பலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன், அவர் சரி என்றும் சொன்னார். பிறகு வீட்டுக்கு நடந்து வரும்போது வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருபத்து மூன்று வருடம் இந்த ராஜ குடும்பத்தின் ஞானஸ்நானங்களையும் கல்யாணங்களையும் எழுதியவன் இந்த ஒரு வாக்கியத்தை என் காதால் கேட்க வேண்டும். ஊருக்கு வருவது 20ஆம் தேதி, வியாழன், மதியப் பேருந்தில். பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது.

செவ்வாய் ஆறரை மணிக்குத் தபால் நிலையத் தொலைபேசியில் கூப்பிடுவேன். மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பொதுத் தொலைபேசிக்கு இப்போதே முன்பதிவு செய்துவிட்டேன். நீ வழக்கம்போல எடு. எடுத்ததும் நெல்லோவிடம் கொடு. மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கட்டும்.

முதலில் எண்களைப் படிப்பேன். அவர் எழுதிக்கொள்ளட்டும், தப்பாக எழுதிவிடாமல் திருப்பிப் படிக்கச் சொல்வேன். அடுத்து நீதிமன்றம் சொன்ன வாக்கியம். அதற்குப் பிறகு, முப்பத்து நான்கில் நான் அந்தப் படிக்கட்டிலிருந்து திரும்பி வந்ததைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல இருக்கிறேன். உனக்கு எழுதியதை அவர் படித்துவிட்டார், ஆனால் என் வாயால் அவரிடம் சொல்லவில்லை. மூன்று நிமிட அழைப்பில் அதற்கு இடம் இருக்கும்.

அவர் என்ன பதில் சொல்வார் என்று தெரியவில்லை. செவ்வாய் மாலை ஆறு முப்பத்து மூன்றுக்குள் தெரிந்துவிடும்.

ஒத்தாவியோ